கல்லிக்காக் குடும்பம்: மிச்சம் 291 பேர்

ஹென்றி கொடார்ட் 1912-இல் வெளியிட்ட ‘தி கல்லிக்காக் ஃபேமிலி’ உளவியல் நூல் என்றுதான் பெயர். வாசித்தால் நீதிக்கதை மாதிரி இருக்கிறது. அமெரிக்க விடுதலைப் போர்க்காலத்து வீரன் ஒருவன் மதுக்கடைப் பெண்ணோடு ஒரு பிள்ளை பெறுகிறான். பிறகு நல்ல குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். முதல் கிளை கெட்டுப்போகிறது, இரண்டாவது செழிக்கிறது. ‘கல்லிக்காக்’ என்ற புனைபெயரே ‘நல்லது’, ‘கெட்டது’ என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டிச் செய்தது. தீர்ப்பைப் பெயரிலேயே எழுதிவிட்டால் அப்புறம் ஆய்வு எதற்கு?

கொடார்டின் கருவிகள் இரண்டுமே ஐரோப்பாவிலிருந்து வந்தவை. 1905-இல் பாரிஸில் பினேயும் சிமோனும் ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். பள்ளியில் யாருக்குத் தனி உதவி தேவை என்று கண்டுபிடிக்கத்தான் அது. அறிவு மாறாத ஒன்று, வளர்க்கவே முடியாது என்ற பேச்சைப் பினே வெளிப்படையாகவே எதிர்த்தார். 1908-இல் ஐரோப்பா போன கொடார்ட் அளவுகோலை எடுத்து வந்தார், எச்சரிக்கையை விட்டுவிட்டார். அந்த இடத்தில் மெண்டலின் பட்டாணிச்செடி விதியைப் பொருத்தினார். உதவி தேவைப்படும் பிள்ளை, பரம்பரைக் கோளாறுள்ள பிள்ளையாக ஆனது இப்படித்தான். 1910-இல் ‘மோரான்’ என்ற சொல்லையும் அவரே உருவாக்கினார்.

குடும்பக் கதைகளை வீடு வீடாகப் போய்ச் சேகரித்தவர் எலிசபெத் கைட். பினே–சிமோன் கட்டுரைகளைப் பின்னர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் இவர்தான். நூலில் செத்துப்போனவர்களின் அறிவுகூட அளக்கப்படுகிறது, அக்கம்பக்கத்தார் சொன்னதை வைத்து!

நான் பொறியியல் படித்தவன், எண்களைக் கூட்டிப் பார்க்காமல் விடமாட்டேன். முதல் கிளையில் 480 பேர். 143 பேர் மனவளர்ச்சி குன்றியவர்கள், 46 பேர் இயல்பானவர்கள் என்கிறார் கொடார்ட். மிச்சம் 291 பேர்? தெரியாது, அல்லது சந்தேகம். பாதிக்கு மேல் விவரமே இல்லாத அட்டவணையை எந்த ஆய்வுக்கூடத்திலும் ஏற்கமாட்டார்கள். இங்கே அதுதான் ஆதாரம்.

இருந்தும் இந்தப் புத்தகத்தை வாசிக்கச் சொல்வேன், டெபோராவுக்காக. வைன்லாந்து காப்பகத்தில் எட்டு வயதில் சேர்க்கப்பட்ட பெண். தைக்கிறாள், மரவேலை செய்கிறாள், கார்னெட் வாசிக்கிறாள். இதையெல்லாம் கொடார்டே எழுதுகிறார். எழுதிவிட்டு, 22 வயதில் இவளுக்கு ஒன்பது வயது மனம் என்று முடிக்கிறார். பிரதி தன் ஆசிரியரையே மறுக்கும் இடம் இது. அவருக்குத்தான் தெரியவில்லை.

1928-இல் கொடார்ட் தம் கருத்துகள் பலவற்றை மாற்றிக்கொண்டார். ஆனால் புத்தகம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. 1914-இல் ஜெர்மனுக்குப் போனது. 1933-இல், நாஜிகள் கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்த அதே வருடம், மறுபதிப்பு கண்டது. டெபோரா 1978-இல் இறக்கும்வரை காப்பகங்களில்தான் இருந்தார், 81 வருடம்.

அந்நியச் சிந்தனை என்பதால் வந்த கேடு இல்லை இது. பினேயை முழுசாக இறக்குமதி செய்திருந்தால் டெபோராவுக்கு நல்லதுதான் நடந்திருக்கும். ‘ஐ.க்யூ.’ நம்ம பேச்சுத் தமிழிலும் சரளமாகப் புழங்குகிறது. அந்தச் சொல்லோடு பினேயின் எச்சரிக்கையும் வந்து சேர்ந்ததா என்று கேட்கலாம்.