எஃப்.ஐ.ஆர். இல்லை, அப்புறம்?

பெங்களூரில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் பைக் திருடித் தனியாகப் பிடிபட்டால் அவன்மேல் எஃப்.ஐ.ஆர். போடக்கூடாது. 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்துக்காக மத்திய அரசு 2016இல் கொண்டுவந்த மாதிரி விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. கொடுங்குற்றம் என்றாலோ பெரியவர்களோடு சேர்ந்து செய்தது என்றாலோ மட்டுமே எஃப்.ஐ.ஆர். மற்றதற்கெல்லாம் காவல் நிலையப் பொது நாட்குறிப்பில் ஒரு பதிவும் படிவம் 1இல் ஒரு சமூகப் பின்னணி அறிக்கையும் போதும். பள்ளியை ஏன் விட்டான், வீட்டு வருமானம் எவ்வளவு, யாரோடு சுற்றுகிறான் என்று துருவும் அந்தப் படிவம் இளஞ்சிறார் நீதிக் குழுமத்துக்குப் போகும். தாளில் இது பெரிய முன்னேற்றம். ஆனால் கைதிலிருந்து ஒரு பிள்ளையைத் திருப்புவது பாதி வேலைதான். எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்கிற மறுபாதியை நம் சட்டம் மாநகராட்சியிடம் கேட்கவில்லை, மாநகராட்சியும் தானாக முன்வரவில்லை.

முதல் பாதியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். பெட்ரோசினோ என்ற ஆய்வாளரின் குழுவினர் 2010இல் 29 சோதனை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் இடம்பெற்ற சிறார் 7,304 பேர். முறைப்படி வழக்கு நடத்தியதால் பிற்காலக் குற்றம் குறைந்தது என்பதற்குச் சான்றே கிடைக்கவில்லை. வழக்கின்றி விட்டதோடு நில்லாமல் ஆலோசனையோ பயிற்சியோ தந்த திட்டங்களோடு ஒப்பிட்டபோது வழக்கின் பலன் இன்னும் மோசமாகத் தெரிந்தது. ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை, அப்படியே இங்கே ஒட்டிக்கொள்ள முடியாது. என்றாலும், பையனுக்கு நன்மை செய்வது வெறும் விடுவிப்பு அல்ல, அதற்குப் பின்னால் வரும் ஆள்துணை என்கிற செய்தியை நாம் கவனிக்கலாம். அமெரிக்காவின் மயாமி-டேட் கவுண்டி 2007இல் சிறு குற்றங்களுக்குக் கைதுக்குப் பதிலாக சமூகப் பணி, ஆலோசனை என்ற முறையைத் தொடங்கியபோது அதை நடத்தியது கவுண்டியின் சொந்தச் சிறார் துறைதான்.

பெங்களூரில் அந்த ஆள்துணை எங்கே? ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு சிறார் நலக் காவல் அதிகாரியும், நகரின் சிறப்பு சிறார் காவல் பிரிவில் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 107ஆம் பிரிவு. ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும் ஊருக்கு இரண்டு பேர்! நகரின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் கூர்நோக்கு இல்லத்துச் சிறாரிடையே மனநலப் பணி செய்திருக்கிறது. அது ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட பிள்ளைகளுக்கு. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவனுக்கு அதுவும் இல்லை. வீலிங் விவகாரத்தைப் பாருங்கள். மேம்பாலத்தில் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டும் சிறுவன் பிடிபட்டால், 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி தந்தைக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்றாண்டு வரை சிறை, வண்டிப் பதிவு ஓராண்டு ரத்து, பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. தண்டனைக்குக் குறைவில்லை. அவனை மாலையில் எங்கே அனுப்புவது என்பதற்குத்தான் ஒரு வரிகூட இல்லை. விளையாட்டுத் திடலும் பள்ளியும் சுகாதார மையமும் மாநகராட்சியின் கையில். பையனோ காவல்துறையின் கையில். இரண்டையும் இணைக்க, வார்டுதோறும் சமூகப் பணியாளரை வைத்து மாநகராட்சியே நடத்தும் ஒரு திட்டம் வேண்டும்.

செல்போன் பறிப்பவனைக் கொஞ்சுவதா என்ற கோபம் நியாயமானது. பறிப்புக்கு அதிகபட்சம் மூன்றாண்டு என்பதால் சட்டக் கணக்கில் அது சிறு குற்றம். போனைப் பறிகொடுத்தவருக்கு அப்படி இல்லை. எனவே பொருளைத் திருப்பித் தருவதும் பாதிக்கப்பட்டவரின் பேச்சைக் கேட்பதும் திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும். இதைவிடக் கனமான ஆட்சேபம் இன்னொன்று உண்டு: திட்டம் என்று ஒன்று வந்தால், முன்பு அதட்டி அனுப்பப்பட்ட பிள்ளைகளையும் அது உள்ளே இழுத்துக்கொள்ளும். உண்மைதான். ஆனால் அந்த அதட்டலும், சமயத்தில் அடியும், பெற்றோரிடம் பேசி முடிக்கும் சமரசமும் எந்த ஏட்டிலும் ஏறாத அதிகாரம். அதை மென்மை என்று எண்ணுவது தவறு. நாட்குறிப்பில் ஏறியவர்களை மட்டும், பிள்ளையும் பெற்றோரும் சம்மதித்தால் மட்டும், குழுமத்தின் பார்வையில், கால வரம்போடு சேர்ப்பதே அந்த ஆபத்துக்கு வேலி. 1985ஆம் ஆண்டு பெய்ஜிங் விதிகளும் சம்மதத்தை வலியுறுத்துகின்றன.

காவல்துறை மாநிலத்தின் பொறுப்பாயிற்றே, மாநகராட்சிக்கு இதில் என்ன வேலை என்பார்கள். நலிந்த பிரிவினரின் நலன்காப்பும் குடிசைப்பகுதி மேம்பாடும் அரசமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணையில் நகர அமைப்புகளுக்கு உரியவையாகவே உள்ளன. உண்மையான பலவீனம் வேறு. 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளே பெங்களூரை நடத்தினார்கள். ஒரு ஆணையரின் ஆர்வத்தில் பிறக்கும் திட்டம் அவருடைய இடமாற்ற உத்தரவோடு முடிந்துவிடும். 2025இல் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்திருக்கிறது. ஐந்தின் வரவுசெலவுத் திட்டத்திலும் வார்டு சமூகப் பணியாளருக்கென்று தனித் தலைப்பு இருந்தால், அதை நீக்க நினைப்பவர் மன்றத்தில் எழுந்து காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.