சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள்

ஜொகூர் சுல்தான் அபு பக்காரின் படங்களில் முகத்துக்கு முன்னால் உடைதான் கண்ணில் படும். ராணுவச் சீருடை, நெஞ்சு நிறையப் பதக்கங்கள். 1866இல் லண்டன் போய் விக்டோரியா மகாராணியைச் சந்தித்தவர் அவர். 1885இல் பிரிட்டிஷார் அவரைச் சுல்தானாக ஏற்றார்கள்; 1886இல் சொந்தப் படையும் அமைத்தார். 'நானும் உங்களுக்குச் சமம்' என்று வெள்ளைக்காரனிடம் சொல்ல, அவனுடைய பட மொழியையே எடுத்துக்கொண்டார். கெட்டிக்காரத்தனம்தான்.

ஆனால் அந்த மொழியில் ஒரு சிக்கல் இருக்கு. சீருடை இல்லாதவனை அது எங்கே நிறுத்தும்?

பதில், தாமஸ் ஹிக்கி 1816இல் மதராஸில் வரைந்த கர்னல் காலின் மெக்கன்சியின் ஓவியத்தில் இருக்கிறது. நம் சுவடிகளையும் கல்வெட்டுகளையும் தேடித் தொகுத்த அதே மெக்கன்சி. சிவப்புக் கோட்டில் அவர் நிற்கிறார். கூடவே மூன்று இந்தியர்கள். ஒருவர் கையில் தொலைநோக்கி, இன்னொருவர் கையில் ஓலைச்சுவடி. தூரத்தில் கார்கலா கோமதேஸ்வரர் சிலை. ஹிக்கி அந்த மூவரை அலட்சியமாக வரையவில்லை. ஒவ்வொரு முகத்துக்கும் தனிச் சாயல் உண்டு. சுவடிகளைப் படிக்க மெக்கன்சி பண்டிதர்களைத்தான் நம்பியிருந்தார். ஆனாலும் படத்தில் படிக்கத் தெரிந்தவர் ஏந்தி நிற்கிறார். பேர் கோட்டுக்குப் போகிறது.

இதே மெக்கன்சி நம்ம பக்கமும் வந்தவர். 1811இல் ஜாவாமீது படையெடுத்த பிரிட்டிஷ் படையில் இருந்தார். அந்தப் படை திரண்ட இடம் மலாக்கா. அதை வேடிக்கை பார்த்த கூட்டத்தில் ஒரு பையன்: பின்னாளில் முன்ஷி அப்துல்லா. அவனுக்குத் தமிழும் தெரியும். மலாக்காவில் வியாபாரக் கணக்குக்குத் தமிழ் தேவைப்பட்ட காலம் அது.

1849இல் அச்சான 'ஹிக்காயாட் அப்துல்லா'வில், கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபு வந்திறங்குவதை அப்துல்லா எழுதுகிறார். மனசுக்குள் ஒரு பிரம்மாண்ட உருவத்தைக் கட்டி வைத்துக் காத்திருக்கிறான் பையன். வந்தவரோ நடுவயது தாண்டிய, மெலிந்த மனிதர். சாதாரணக் கறுப்புக் கோட்டு. இரண்டு பக்கமும் நிற்கிற சனங்களுக்கு மரியாதை செய்துகொண்டே போகிறார். பையனுக்கு ஆச்சரியம் தாங்கல. ஹிக்கியின் படத்தில் ஓரத்தில் நிற்பவர்களுக்குக் கிடைக்காதது இங்கே அப்துல்லாவுக்குக் கிடைத்திருக்கிறது: திரும்பிப் பார்க்கும் உரிமை.

இன்றைய மலேசியத் தமிழ் வரலாற்று நாவல்கள்மீது எனக்கு இருக்கும் குறையும் இதுதான். சோழப் படைத்தலைவனோ தோட்டத்துத் துரையோ, ஹிக்கி மாதிரியே நடுவில், வெளிச்சத்தில் நிறுத்துகிறோம். துரையைத் திட்டி எழுதும்போதும் நடு இடம் அவனுக்குத்தான். சிப்பாயும் பால்மரத் தொழிலாளியும் எதையாவது ஏந்திக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார்கள். அவர்கள் கண்ணுக்குத் துரை எப்படித் தெரிந்தான் என்பது நம் பக்கங்களில் அபூர்வம்.

அந்த ஓலைச்சுவடிக்காரர், வெயிலில் சிவப்புக் கோட்டு போட்டு வேர்த்து நின்ற மெக்கன்சியைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்? அதை யாராவது நாவலாக எழுதட்டும். முதல் பிரதியை நான் வாங்குகிறேன்.