தொடக்கக் கணிப்பு முடிந்த முடிபாகுமா?

அமெரிக்க ஐக்கிய நாட்டில் அதிபர் தேர்தல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகின்றது. அதன் ஆரவாரமோ ஓராண்டுக்கு முன்னரே தொடங்கிவிடும். ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தெரிந்துகொள்ள மாநிலந்தோறும் முதனிலைத் தேர்தல் நடத்துகின்றது. அதில் ஒரு வாக்கேனும் விழுமுன்பே கருத்துக் கணிப்புகள் வந்து குவிகின்றன. அவற்றில் பின்தங்கியவரைச் சுட்டி, 'இவர் கதை முடிந்தது' என்று எழுதிவிடுவார் பலர். அம்முடிபு ஏற்கத்தக்கதுதானா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

வினை மேற்கொள்வார்க்கு வேண்டுவனவாக வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களைத் திருவள்ளுவர் அடுத்தடுத்து அமைத்துள்ளார். அம்மூன்றையுமே அளவுகோலாகக் கொண்டால் தொடக்கக் கணிப்புகளின் குறை தெற்றெனப் புலனாகும்.

முதலாவது வலி. தேர்தலுக்குப் பல திங்கள் இருக்கையில், 'யாரை விரும்புகின்றீர்?' என்று வினவினால், மக்கள் பெரும்பாலும் தாம் முன்பே கேள்வியுற்ற பெயரையே கூறுவர். 2001-இல் நியூயார்க் நகரம் தாக்கப்பட்டபோது அதன் மேயராக இருந்து பெயர் பெற்றவர் ரூடி ஜூலியானி. 2007-இன் பெரும்பகுதியிலும் குடியரசுக் கட்சியினரிடையே எடுத்த நாடளாவிய கணிப்புகளில் அவரே முன்னின்றார். ஆனால் 2008 ஜனவரி 29-இல் புளோரிடாவில் மூன்றாம் இடமே பெற்று, மறுநாளே போட்டியினின்று விலகினார். புகழ் வேறு, வலி வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவது காலம். வாக்காளர் பலர் கடைசி வாரங்களிலேதான் மனம் தெளிகின்றனர். 2003-இன் இறுதியில் ஜனநாயகக் கட்சியில் ஹவர்ட் டீன் என்பாரே வெல்வார் என்ற பேச்சு எங்கும் நிலவியது. ஜான் கெர்ரியோ கைப்பொருள் வற்றி, தம் வீட்டை அடைமானம் வைத்து, 60 இலட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகையைத் தம் பரப்புரைக்குக் கடனாக அளித்தார். 2004 ஜனவரி 19-இல் அயோவா மாநிலத்தில் வென்றவர் கெர்ரி. டீன் பெற்றது மூன்றாம் இடம்.

மூன்றாவது இடம். முதனிலைத் தேர்தல் நாடு முழுவதும் ஒரே நாளில் நடப்பதன்று. சிறிய மாநிலங்கள் சில முந்திக்கொள்ளும். 2007 ஜூலையில் ஜான் மெக்கெய்னின் பரப்புரை பணமின்றித் தள்ளாடியது. தலைமைப் பணியாளர்கள் விலகினர். ஊழியர் பலர் நீக்கப்பட்டனர். அவரோ செலவைச் சுருக்கிக்கொண்டு, நியூ ஹேம்ப்ஷியர் மாநிலத்தைப் பற்றி நின்றார். 2000-ஆம் ஆண்டின் முதனிலைத் தேர்தலில் ஜார்ஜ் புஷ்ஷை அவர் வென்ற மாநிலம் அது. அம்மக்கள் அவரை அறிவர். 2008 ஜனவரி 8-இல் அங்கே மீண்டும் வென்றார். பின்னர்க் கட்சியின் வேட்பாளரும் ஆனார்.

இனி, ஒரு மறுப்பையும் கேட்டல் வேண்டும். '2015 ஜூலை முதல் கணிப்புகளில் டிரம்ப் பெரும்பாலும் முன்னின்றார், அவரே வேட்பாளரானார். 2019-இல் பைடன் முன்னின்றார், அவரும் வேட்பாளரானார். ஆதலின் கணிப்பு பொய்க்கவில்லையே' என்பர். உண்மைதான். கணிப்பு வெறும் ஆரூடமன்று. ஆயினும் முன்னின்றவர் சிலர் வென்றமை, பின்னின்றவர் வெல்லவே இயலார் என்பதற்குச் சான்றாகாது. இருவேறு கூற்றுகளை ஒன்றெனக் கொள்வது அளவை நெறிக்குப் பொருந்தாது.

அங்ஙனமாயின், தொடக்கக் கணிப்பால் எவரும் வீழ்வதில்லையோ? வீழ்கின்றனர். ஆனால் கணிப்பு உண்மையை உரைப்பதனால் அன்று, நாம் அதற்கு அளித்துள்ள அதிகாரத்தினால். கணிப்பு தாழ்ந்தால் பொருளுதவுவோர் கையை மூடிக்கொள்வர். செய்தியாளர் வேறு பக்கம் திரும்புவர். இவற்றினும் கொடியது விவாத மேடையின் வாயிற்கதவு. 2015 ஆகஸ்டு 6-இல் கிளீவ்லாந்தில் நடந்த குடியரசுக் கட்சியின் முதல் விவாதத்தில், கணிப்புகளின் சராசரியில் முதற் பத்து இடம் பெற்றோரே முதன்மை மேடை ஏறினர். எஞ்சிய எழுவர்க்கும் முன்னதாகத் தனி மேடை. 2019 செப்டம்பர் விவாதத்திற்கு ஜனநாயகக் கட்சி விதித்த தகுதிகள் இரண்டு: நான்கு கணிப்புகளில் நூற்றுக்கு 2 பங்கு ஆதரவு, நன்கொடையாளர் 1,30,000 பேர். அவை கைகூடாமையால் ஆகஸ்டு 28-இல் கிர்ஸ்டன் கில்லிபிராண்ட் அம்மையார் போட்டியைக் கைவிட்டார். முதல் வாக்கு விழுவதற்கோ இன்னும் ஐந்து திங்கள் இருந்தன.

சிறிது கணக்கிட்டுப் பாருங்கள். 400 பேரிடம் கணிப்பெடுத்தால், நூற்றுக்கு 1 என்பது 4 பேர். நூற்றுக்கு 2 என்பது 8 பேர். வேறு 400 பேரைக் கேட்டிருந்தால் நான்கு எட்டாகவும் எட்டு நான்காகவும் மாறியிருத்தல் கூடும். இந்த நால்வரின் வேறுபாடு ஒருவர் மேடை ஏறுவதா, வீடு திரும்புவதா என்பதை முடிவு செய்துவிடுகின்றது.

ஆசிரியர்களாகிய நமக்கு இதன் தவறு எளிதில் விளங்கும். முதல் தவணைத் தேர்வில் பின்தங்கிய மாணவனை ஆண்டிறுதித் தேர்வே எழுதவிடாமல் நிறுத்திவிட்டு, 'அவன் தேறமாட்டான் என்று அன்றே சொன்னேன்' என ஓர் ஆசிரியர் பெருமை பேசினால் அதை நாம் ஒப்புவோமா? தேர்வு அளப்பதற்கு உரியது, கதவடைப்பதற்கு உரியதன்று. கணிப்பும் அத்தகையதே.

ஆகவே, தொடக்கக் கணிப்பு தானே எவரையும் வீழ்த்துவதில்லை. பணத்தையும் மேடையையும் அதனொடு பிணைக்கும்போதுதான் அது வீழ்த்துகின்றது. தம்மை அறிந்த ஒரு மாநிலமும், சுருங்கிய செலவும், தளராத நெஞ்சும் உடையார் தப்புகின்றனர். பிறர் மக்கள் காணுமுன்பே மறைகின்றனர். அங்ஙனம் மறைந்தோருள் தகுதி மிக்கார் எவரேனும் இருந்தனரா என்பதை அறியும் வழி பின்னர் எவர்க்கும் இல்லை. இழப்பு வேட்பாளரைக் காட்டிலும் வாக்காளர்க்கே மிகுதி. கணிப்பைச் செய்தியாகப் படிப்போம்; தீர்ப்பாகக் கொள்ள வேண்டா.