ஓட்டாஞ்சில்லும் துடுப்பும்: ஏதென்ஸ் கடற்படை எழுந்த கதையைப் படிக்கும் முறை

பழைய கிரேக்கம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது சாக்ரடீஸ் குடித்த நஞ்சும் மாரத்தான் ஓட்டமும்தான். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள் வெ. சாமிநாத சர்மாவின் 'கிரீஸ் வாழ்ந்த வரலாறு' நூலைச் சொல்வார்கள். ரங்கூனில் சில ஆண்டுகள் வாழ்ந்து, புலம்பெயர்ந்தவனின் பாடு இன்னதென்று தெரிந்த அந்தப் பெரியவரின் எழுத்து வழியாகக் கிரேக்கத்தை அறிந்தவர்கள் நம் சங்க அன்பர்களிலும் இருக்கலாம்.

அந்தக் கிரேக்க வரலாற்றில் ஒரு கதை எல்லோருக்கும் பிடித்தது. பாரசீகம் படையெடுத்து வரும் என்பதைத் தெமிஸ்டோகிளிஸ் என்ற தீர்க்கதரிசி முன்பே உணர்ந்தார், கப்பல் கட்டச் சொன்னார், நேர்மைக்குப் பெயர்போன அரிஸ்டைடஸ் எதிர்த்து நின்று, நாடு கடத்தப்பட்டார், கடைசியில் கி.மு. 480இல் சலாமிஸ் கடலில் தெமிஸ்டோகிளிஸே சரி என்று ஆயிற்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூல நூல்களைக் கால வரிசையில் அடுக்கிப் படித்தால், இந்தக் கதை ஒரே நாளில் பிறந்ததல்ல, கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது என்பது தெரிகிறது.

வளர்ந்த கதை

கி.மு. 483 வாக்கில் லாரியம் சுரங்கத்தில் வெள்ளி ஏராளமாகக் கிடைத்தது. ஆளுக்குப் பத்து திராக்மா பங்கு போட்டுக்கொள்வதாக இருந்தது. தெமிஸ்டோகிளிஸ் அதைத் தடுத்து, கப்பல் கட்டச் செய்தார். எதற்காக? ஹெரோடோட்டஸ் ஒரே காரணம்தான் சொல்கிறார்: ஈஜினா. அது ஏதென்ஸுக்கு எதிரே கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்த வணிகத் தீவு, பழைய பகை. துசிடிடிஸ் எழுதும்போது ஈஜினாவோடு பாரசீகமும் காரணமாகச் சேர்கிறது. சுமார் ஐந்நூறு ஆண்டுகள் கழித்து வந்த புளூட்டார்க்கோ, பாரசீகம்தான் மனத்தில் இருந்தது, ஜனங்களுக்கு அது தூரத்து ஆபத்து என்பதால் ஈஜினாவைக் காட்டித் தூண்டினார் என்கிறார். பார்த்தீர்களா, பக்கத்து வீட்டுச் சண்டை எப்படி மெல்ல மெல்லத் தீர்க்கதரிசனம் ஆகிறது என்று!

கப்பல் கணக்கும் அப்படித்தான். ஹெரோடோட்டஸ் 200 என்கிறார். அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் 'ஏதென்ஸ் அரசமைப்பு' 100 என்கிறது. நூறு பணக்காரர்களுக்குத் தலைக்கு ஒரு டாலன்ட் கொடுத்துக் கட்டச் சொன்னதாகவும் எழுதுகிறது.

இதனால் தெமிஸ்டோகிளிஸுக்கு முன்யோசனையே கிடையாது என்று சொல்ல வரவில்லை. கி.மு. 493இல் அவர் ஆர்கன் பதவியில் இருந்தார். அந்தப் பதவிக் காலத்திலேயே பிரேயஸ் துறைமுகத்துக்கு அரண் எழுப்பும் வேலை தொடங்கியது என்பது துசிடிடிஸ் தரும் செய்தி. ஹெரோடோட்டஸுக்கும் அவர்மேல் பிரியம் கிடையாது. சலாமிஸில் நின்று போரிடும் யோசனையைக்கூட நெசிஃபிலஸ் என்ற இன்னொருவர் காதில் போட்டதாகத்தான் எழுதுகிறார். ஆக, ஒருவர் குறைக்கிறார், இன்னொருவர் ஏற்றுகிறார். இரண்டுக்கும் நடுவே நாம்தான் நிதானமாக நடக்க வேண்டும்.

ஓட்டாஞ்சில்லில் ஓட்டு

ஏதென்ஸில் ஒருவரைப் பத்து ஆண்டுகள் ஊரைவிட்டு அனுப்ப, உடைந்த பானை ஓட்டில் பெயர் கீறிப் போடுவார்கள். சொத்து பறிபோகாது, ஆள்தான் போக வேண்டும். நாம் சின்ன வயதில் பாண்டி விளையாட எடுத்த ஓட்டாஞ்சில்லு, அங்கே அரசியல் ஆயுதம். கி.மு. 487இல் ஹிப்பார்க்கஸ், 486இல் மெகாகிளிஸ், 484இல் சாந்திப்பஸ், 482இல் அரிஸ்டைடஸ் என்று வரிசையாகப் போனார்கள். கடற்படை முடிவும் அரிஸ்டைடஸ் வெளியேற்றமும் அடுத்தடுத்து நடந்ததால், கப்பலை எதிர்த்ததால்தான் அவர் போனார் என்று பிற்காலத்தார் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். ஹெரோடோட்டஸ் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருவரும் பகைவர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

1937இல் அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் ஒரு கிணற்றில் 190 சில்லுகள் அகப்பட்டன. அத்தனையிலும் தெமிஸ்டோகிளிஸ் பெயர். ஆனால் எழுதிய கைகள் பத்துப் பதினைந்துக்குள்தான். முன்கூட்டியே எழுதி, கூட்டத்தில் கொடுக்க வைத்திருந்த சில்லுகள்! 'நேர்மையாளருக்கும் தந்திரசாலிக்கும் போட்டி' என்று புளூட்டார்க் நீதிக்கதை சொல்கிறார். மண்ணோ, இரண்டு பக்கமும் கோஷ்டி கட்டித்தான் வேலை செய்தார்கள் என்கிறது.

நாடகத்தில் இல்லாத பெயர்

சலாமிஸ் போருக்கு எட்டு ஆண்டு கழித்து, கி.மு. 472இல், ஏஸ்கிலஸின் 'பாரசீகர்கள்' நாடகம் மேடையேறியது. செலவை ஏற்றவர் இளைஞர் பெரிக்கிளிஸ். தெமிஸ்டோகிளிஸின் செல்வாக்கு சரிந்துகொண்டிருந்த நேரம் அது; அடுத்த ஓரிரு ஆண்டில் அவரையும் சில்லு வெளியேற்றிவிட்டது. நாடகத்தில் அவருடைய தந்திரச் செய்தி வருகிறது, மண்ணுக்குள்ளிருக்கும் வெள்ளி வருகிறது, துடுப்புகளின் ஓசை வருகிறது. அவர் பெயர் மட்டும் வரவில்லை. எந்தக் கிரேக்கர் பெயரும் வரவில்லை என்பதும் உண்மை. அதனால் வெற்றி ஊர் முழுவதற்கும் பொதுவாகிறது. இது கவிஞரின் பெருந்தன்மை என்றே நான் படிக்கிறேன்.

ஆனால் ஒரு இடம் உறுத்துகிறது. சிட்டலியா என்ற சின்னத் தீவில் காலாட்படை இறங்கிப் பாரசீகப் பிரபுக்களை வெட்டியதை, கடற்போரைவிட இருமடங்கு பெரிய அழிவாகத் தூதுவன் பேசுகிறான். ஹெரோடோட்டஸ் அதைச் சில வரிகளில் முடித்துவிடுகிறார். அந்தக் காலாட்களை நடத்தியவர் அரிஸ்டைடஸ் என்று சொல்வதும் அவர்தான். கேடயம் வாங்க வசதி உள்ளவன் காலாட்படை வீரன். வசதி இல்லாதவன் துடுப்பு வலிப்பவன். ஏஸ்கிலஸே மாரத்தானில் போரிட்டவர். தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

வலித்தவன் எழுதவில்லை

டிரைரீம் என்ற மூவரிசைக் கப்பலில் 170 பேர் துடுப்பு வலிப்பார்கள். சலாமிஸில் ஏதென்ஸ் கப்பல் 180. பெருக்கிப் பாருங்கள், முப்பதாயிரம் தாண்டுகிறது. பெயர் தெரியாத ஒரு பிரபுகுலத்து ஆசிரியர், செனபோன் நூல்களோடு சேர்ந்து வந்த சிறு நூலில், கப்பலை ஓட்டுகிறவன் ஏழை, ஆகவே அவனுக்கு அதிகாரம் போவது நியாயம்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொள்கிறார். அரிஸ்டாட்டிலும் கடற்படைக் கூட்டம்தான் மக்களாட்சியை வலுப்படுத்தியது என்கிறார். பிளேட்டோவோ, மாரத்தான் கிரேக்கரை மேன்மையாக்கியது, சலாமிஸ் அப்படிச் செய்யவில்லை என்று 'சட்டங்கள்' நூலில் குறைப்படுகிறார். புகழ்ந்தவரும் இகழ்ந்தவரும் மேட்டுக்குடிதான். துடுப்பு வலித்தவன் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

அவனுக்கும் கீழே ஒருவன் இருந்தான். லாரியத்தின் வெள்ளியைத் தோண்டியவர்கள் அடிமைகள். அவர்களுக்குச் சில்லும் இல்லை, துடுப்பு தந்த அதிகாரமும் இல்லை. அந்தக் கடற்படையே பிறகு பேரரசாயிற்று. கி.மு. 478இல் கூட்டணி நாடுகளுக்குக் கப்பத் தொகையை, மொத்தம் 460 டாலன்ட், வகுத்துத் தந்தவர் யார் தெரியுமா? ஊர் திரும்பிய நேர்மையாளர் அரிஸ்டைடஸ்தான்! விலக முயன்ற நாக்ஸஸும் தாசஸும் அடக்கப்பட்டன. 416இல் மீலோஸ் தீவின் ஆண்கள் கொல்லப்பட்டார்கள், பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். தெமிஸ்டோகிளிஸோ, தான் தோற்கடித்த பாரசீக மன்னரின் மகனிடமே அடைக்கலம் புகுந்து, மக்னீசியாவில் கண் மூடினார்.

எனவே இது ஒரு தீர்க்கதரிசி வென்ற கதையும் அல்ல, ஒரு நல்லவர் தோற்ற கதையும் அல்ல. பக்கத்து ஊர்ப் பகை, திடீரென்று கிடைத்த பணம், இரண்டு கோஷ்டிகளின் போட்டி ஆகிய மூன்றும் கூடியபோது ஏழைகளின் கையில் துடுப்பு வந்தது. துடுப்போடு உரிமையும் வந்தது. அந்த உரிமையே பிறர் உரிமையைப் பறிக்கவும் செய்தது. இதில் எந்த ஒன்றை விட்டுவிட்டுப் படித்தாலும் வரலாறு நீதிக்கதையாகச் சுருங்கிவிடும். நாளை நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் சலாமிஸைப் படிக்கும்போது, "ஜெயித்தது யார்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "வலித்தது யார்? அவர்கள் பெயர் எங்கே?" என்றும் கேட்கச் சொல்லிக்கொடுப்போம்.