தோற்கக் கற்றுக்கொடுத்த சங்கங்கள்

கணக்கும் அட்டவணையுமாக நிறைந்த புத்தகத்தை நாவல் படிக்கிறவர்களும் வாங்கிப் படிப்பது அபூர்வம். ஹார்வர்டு சர்வகலாசாலைப் பேராசிரியர் ராபர்ட் புட்னம் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பௌலிங் அலோன்’ என்ற புத்தகத்துக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைத்தது. தனியாகப் பந்து உருட்டுவது என்று அர்த்தம். பளபளவென்ற மரத் தளத்தில் கனமான பந்தை உருட்டிவிட்டு, கோடியில் நிற்கும் பத்துக் கட்டைகளை வீழ்த்துகிற ஆட்டம் அது. அமெரிக்காவில் ஆலைத் தொழிலாளியும் ஆடுவான், வக்கீலும் ஆடுவார். கோஷ்டி சேர்ந்து, வாரத்தில் ஒரு நாள் குறித்து, பருவம் முழுவதும் பந்தயம் வைத்து ஆடுவது அங்கே வெகு நாளைய வழக்கம். 1980-க்கும் 1993-க்கும் இடையில் பந்து உருட்டுகிறவர்களின் தொகை நூற்றுக்கு 10 கூடியது; கோஷ்டி சேர்ந்து உருட்டுகிறவர்களின் தொகை நூற்றுக்கு 40 குறைந்தது. இந்தச் சின்ன விஷயத்தைத் தலைப்பில் வைத்துக்கொண்டு, ஒரு தேசத்தின் ஜனநாயகம் எப்படி உள்ளுக்குள் உளுத்துப்போகிறது என்று ஐந்நூறு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார் புட்னம். ஆட்டக் கூடத்துக்காரர்களுக்கும் கஷ்டம்தானாம். கோஷ்டியோடு வருகிறவன் தனியாக வருகிறவனைப் போல மூன்று மடங்கு பீர் குடிப்பான் என்று ஒரு கணக்குச் சொல்கிறார்.

பந்து ஒரு உதாரணம்தான். பள்ளிக்கூடப் பெற்றோர்-ஆசிரியர் சங்கத்தில் 1964-இல் ஒரு கோடியே 20 லட்சம் பேர் இருந்தார்கள். 1982-இல் 50 லட்சம். 1960-இல் பிரசிடெண்ட் தேர்தலில் நூற்றுக்கு 63 பேர் ஓட்டுப் போட்டார்கள். 1996-இல் 49 பேர். காரணங்களையும் பங்கு பிரித்துத் தருகிறார். வேலை, பண நெருக்கடி ஒரு சிறு பங்கு. ஊருக்கு வெளியே வீட்டைக் கட்டிக்கொண்டு தினமும் காரில் அலைவது இன்னொரு சிறு பங்கு. டெலிவிஷன் கால் பங்கு. சுமார் பாதி, யுத்த காலத்தில் வளர்ந்த ஒரு தலைமுறை மறைந்து அதன் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் அந்த இடத்துக்கு வந்தது. ஒரு தலைமுறையின் போக்குக்கு இன்னொரு தலைமுறையே காரணம் என்பது எனக்கு விளக்கமாகப் படவில்லை. பாத்திரங்களை மாற்றிவிட்டுக் கதை மாறிவிட்டது என்று சொல்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் மனுஷன் நேர்மையானவர். தமக்குச் சாதகமில்லாத கணக்கையும் மறைக்காமல் போடுகிறார்.

இந்தப் புத்தகத்தைப் படித்து முடித்ததும் நான் அலமாரியிலிருந்து எடுத்தது சிங்க்ளேர் லூயிஸின் ‘பாபிட்’ நாவலை. 1922-இல் வந்தது. எட்டு வருஷம் கழித்து நோபல் பரிசு பெற்றார் லூயிஸ். அமெரிக்கர்களில் இலக்கியத்துக்காக அதைப் பெற்ற முதல்வர் அவர். ஜெனித் என்ற கற்பனை நகரத்தில் வீடு, மனை தரகு செய்கிற ஜார்ஜ் பாபிட், புட்னமின் லட்சியப் பிரஜை என்றே சொல்லலாம். சங்கத்துச் சின்னத்தைக் கோட்டில் குத்திக்கொள்வான். கிளப்பில் மத்தியானச் சாப்பாடு. மாதா கோவில் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கு ஆள் சேர்க்கும் கமிட்டியில் அங்கத்தினன். தரகர் சங்கத்தில் பிரசங்கம். இத்தனையையும் லூயிஸ் கேலி செய்து தீர்த்துவிட்டார். அவன் பெயரே இங்கிலீஷ் அகராதியில் ஒரு வசைச் சொல்லாக ஏறிவிட்டது. எழுபத்தெட்டு வருஷம் கழித்து ஒரு பேராசிரியர், ஐயோ, அந்தப் பாபிட்டுகள் எல்லோரும் எங்கே போய்விட்டார்கள் என்று அழுகிறார். நாவலாசிரியன் சிரித்த இடத்தில் கணக்கப்பிள்ளை அழுவது எனக்கு மிகவும் சுவாரஸ்யமாக இருந்தது. இருவரில் யார் சரி?

புட்னம் அழுவதற்குச் சொல்லும் முக்கியமான காரணம் பரஸ்பர நம்பிக்கை. சேர்ந்து ஆடுகிறவர்கள் ஒருவரையொருவர் நம்புவார்கள், நம்புகிறவர்கள் வாழும் ஊரில் நல்ல சர்க்கார் நடக்கும் என்பது அவர் கட்சி. இத்தாலியில் 1970-இல் ஏற்பட்ட பிராந்திய சர்க்கார்களைப் பல வருஷம் ஆராய்ந்து, பாட்டுச் சங்கமும் பந்தாட்டச் சங்கமும் மிகுந்த வடக்கில் நிர்வாகம் நன்றாக நடந்ததையும் தெற்கில் நடக்காததையும் முன்பே எழுதியவர் அவர். இந்தப் புத்தகத்தில் ஒரு நிஜக் கதையும் சொல்கிறார். மிச்சிகன் ராஜ்யத்தில் ஒரு நீக்ரோக் கிழவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. அவரோடு ஒரே பந்து கோஷ்டியில் ஆடிய வெள்ளைக்கார வாலிபர் ஒருவர் தம்முடைய சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுத்தார். இருவருக்கும் ஆட்டக் கூடத்தைத் தவிர வேறு உறவு கிடையாது. கதை நெஞ்சைத் தொடுகிறது, சந்தேகமில்லை. ஆனால் அன்பு ஒன்று, ஜனநாயகம் வேறொன்று. அன்பான ஜனங்கள் ராஜாவின் கீழும் வாழ்ந்திருக்கிறார்கள்.

அந்தச் சங்கங்கள் தந்த பாடம் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. அவை மனிதனுக்குத் தோற்கக் கற்றுக்கொடுத்தன. செவ்வாய்க்கிழமை ராத்திரி கமிட்டி கூடுகிறது. கட்டடத்துக்கு வெள்ளை அடிப்பதா, கூரையை மாற்றுவதா என்று பேச்சு. கூரைதான் என்று நீங்கள் பிரேரிக்கிறீர்கள், ஒருவர் ஆமோதிக்கிறார். ஓட்டு எடுக்கிறார்கள். ஏழுக்கு ஐந்து என்று வெள்ளை அடிப்பு ஜெயிக்கிறது. உங்களைத் தோற்கடித்த ஏழு பேரும் முட்டாள்கள் என்பது உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் அடுத்த செவ்வாய் போய் அதே நாற்காலியில் உட்காருகிறீர்கள். காரியதரிசி போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைப் படிக்கிறார்; உங்கள் தோல்வியும் அதில் ஒரு வரியாக வருகிறது. அதைச் சரி என்று நீங்களே கை தூக்குகிறீர்கள். அடுத்த வருஷம் கூரை ஒழுகும்போது உங்கள் முறை வரும். நம் ஊர் சபாக்களிலும் வாசகசாலைகளிலும் கமிட்டி அங்கத்தினராக இருந்து அவஸ்தைப்பட்டவர்களுக்கு இதை விஸ்தரிக்க வேண்டியதில்லை.

இந்த அவஸ்தைக்கு இலக்கணம் எழுதியவர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற ராணுவ இஞ்சினீயர். 1863-இல் நியூ பெட்ஃபோர்டு என்ற ஊரில் மாதா கோவில் கூட்டம் ஒன்றுக்கு அவரைத் தலைமை வகிக்கச் சொன்னார்கள். கூட்டம் கலவரமாக முடிந்தது. சபை நடத்தும் விதிகளைக் கற்காமல் இனி எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டார். 1876-இல் தாமே செலவழித்து ஒரு சிறு புத்தகம் அச்சிட்டார். எதிராளியைப் பார்த்துப் பேசாதே, தலைவரைப் பார்த்துப் பேசு. எதிராளியின் யோசனையைத் தாக்கலாம், உள்நோக்கத்தைத் தாக்கக் கூடாது. இதுவரை பேசாதவர் ஒருவர் எழுந்தால், பேசியவர் மறுபடி பேசக் கூடாது. இப்படியெல்லாம் அதில் விதிகள். அமெரிக்காவின் மூலை முடுக்கிலிருந்த சங்கங்கள் எல்லாம் அதை வைத்துக்கொண்டு நடந்தன. டோக்வில் என்ற பிரெஞ்சுக்காரர் 1831-இல் சிறைச்சாலைகளைப் பார்வையிட வந்து, கைதிகளை விட்டுவிட்டு அமெரிக்கர்களின் சங்கங்களைக் கண்டு வியந்து பெரிய புத்தகமே எழுதினார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ராபர்ட்டின் சின்னப் புத்தகம்தான் எனக்கு அந்த தேசத்தின் சுபாவத்தை அதிகமாகக் காட்டுகிறது. ஜெயித்தவனுக்கு விதிப் புத்தகம் எதற்கு? தோற்றவன் கௌரவமாக எழுந்து வீட்டுக்குப் போக வழி செய்வதற்கே அத்தனை விதிகளும்.

இப்படிப் பார்த்தால் லூயிஸின் கேலியும் விளங்குகிறது. நாவலின் பிற்பகுதியில் பாபிட்டுக்கு எல்லாம் அலுத்துப்போய்க் கொஞ்சம் சுதந்திரமாகப் பேச ஆரம்பிக்கிறான். ஊர்ப் பெரிய மனிதர்கள் ‘நல்ல பிரஜைகள் சங்கம்’ என்று ஒன்றை ஆரம்பித்திருக்கிறார்கள். மூன்று பேர் அவன் ஆபீசுக்கே வந்து, உடனே சேர் என்கிறார்கள். முடியாது என்கிறான். வியாபாரம் நழுவுகிறது, சிநேகிதர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். மனைவிக்கு உடம்புக்கு வந்த சாக்கில் எல்லோரும் மறுபடி அன்பு காட்ட, அவனும் போய்ச் சேர்ந்துவிடுகிறான். அந்த மூன்று பேர் ஒரு தீர்மானத்தையும் ஓட்டுக்கு விடவில்லை என்பதைக் கவனியுங்கள். தோற்க வாய்ப்பே இல்லாத சங்கம் அது. அதில் அங்கத்தினர் உண்டு, அன்பும் உண்டு, பயமும் உண்டு. ஜனநாயகம் மட்டும் இல்லை.

ஜெர்மனிக்கு நடந்ததும் இதுதான். ஷெரி பெர்மன் என்ற ஆராய்ச்சியாளர் 1997-இல் எழுதிய கட்டுரை புட்னம் கட்சிக்குப் பலத்த அடி. முதல் மகாயுத்தத்துக்குப் பிந்திய ஜெர்மனியில் சங்கங்களுக்குக் குறைவே இல்லை. ஹிட்லரின் ஆட்கள் அந்தச் சங்கங்களுக்குள்ளேயே புகுந்து பரவினார்கள் என்று காட்டினார். ஆனால் அந்தச் சங்கங்கள் எத்தகையவை? தொழிலாளிக்கு ஒரு பாட்டுச் சங்கம், கத்தோலிக்கருக்கு ஒன்று, நடுத்தர வகுப்பாருக்கு ஒன்று. தன் மாதிரி ஆசாமிகளோடு மட்டும் உட்கார்ந்தவன் தோற்பதற்குப் பழகுவதில்லை.

அமெரிக்கச் சங்கங்களிலும் இந்தக் கறை உண்டு. புட்னம் அதை மறைக்கவில்லை என்றாலும், சீக்கிரமாகக் கடந்துவிடுகிறார் என்பது என் குறை. தென் ராஜ்யங்களில் நீக்ரோப் பெற்றோர்களுக்குத் தனிச் சங்கம் வைத்திருந்தார்கள். 1970-இல்தான் அது தேசியச் சங்கத்தோடு சேர்ந்தது. ஜேஸீஸ் சங்கம் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்று 1984-இலும், ரோட்டரி சேர்க்க வேண்டும் என்று 1987-இலும் சுப்ரீம் கோர்ட்டு சொல்ல வேண்டியிருந்தது. அந்த அறைகளில் வெள்ளைக்கார ஆண்கள் ஒருவரோடொருவர் தோற்கப் பழகினார்கள். வெளியே நின்றவர்களிடம் தோற்க அவர்கள் பழகவேயில்லை. கதவு திறந்த அதே சமயத்தில் அறை காலியாக ஆரம்பித்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை.

காலி செய்தவர்கள் எங்கே போனார்கள்? இதற்கு ஹார்வர்டிலேயே இருக்கும் தீடா ஸ்காட்ச்போல் என்ற அம்மாள் 2003-இல் பதில் எழுதினார். பழைய சங்கங்கள் ஊர் ஊராகக் கிளை வைத்து, கடைக்காரரையும் கூலிக்காரரையும் டாக்டரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தவை. 1944-இல் யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்குச் சர்க்கார் செலவில் படிப்பு என்ற பெரிய சட்டம் வந்ததற்கு அப்படிப்பட்ட ஒரு சங்கம் பாடுபட்டதுதான் காரணம். பிற்பாடு வந்தவை வாஷிங்டனில் ஆபீஸ் வைத்து, சம்பளத்துக்கு நிபுணர்களை அமர்த்தி, தபாலில் சந்தா வாங்குபவை. சுற்றுப்புறமோ, பெண் உரிமையோ, காரியம் நல்ல காரியமாகவே இருக்கலாம். ஆனால் செக் எழுதுகிறவன் எதிலும் தோற்பதில்லை. பிடிக்காவிட்டால் அடுத்த வருஷம் செக் எழுதமாட்டான், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் புட்னமின் டெலிவிஷனைவிட இந்த அம்மாளின் செக் புஸ்தகம் நல்ல விளக்கம்.

ஓட்டுப் போடுகிறவர்கள் குறைந்ததுதான் வியாதி என்றால், அது தீர்ந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். 2020 தேர்தலில் ஓட்டுரிமை உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஓட்டளித்தார்கள். 1900-க்குப் பிறகு அவ்வளவு பேர் வந்ததில்லை. அதே தேர்தலில் தோற்ற டிரம்ப் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. அறுபதுக்கு மேற்பட்ட வழக்குகள் கோர்ட்டில் நிற்காமல் போயின. 2021 ஜனவரி 6-ஆம் தேதி ஓட்டு எண்ணிக்கையை உறுதி செய்யும் சபைக்குள் கூட்டம் ஜன்னலை உடைத்துக்கொண்டு புகுந்தது. ஓட்டுச் சாவடிக்கு எல்லோரும் போனார்கள். ஆனால் ஓட்டுச் சாவடியில் மனிதன் தனியாகத் திரைக்குப் பின்னால் நிற்கிறான். தனியாகப் பந்து உருட்டுவதைப் போலத்தான் அதுவும்.

அந்தச் சடங்குக்குத் தலைமை வகிப்பவர் உப பிரசிடெண்ட். அவரே அபேட்சகராக நின்று தோற்றிருந்தால், தம் தோல்வியைத் தாமே சபையில் அறிவிக்க வேண்டும். 1961-இல் நிக்ஸன் அறிவித்தார். 2001-இல் அல் கோர் அறிவித்தார். கோருக்குக் கிடைத்த ஓட்டுகள் தேசம் முழுவதும் கூட்டினால் எதிராளியைவிட அதிகம். சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பில் பிளாரிடா போய்விட்டது. அவர் கட்சிக்காரர்களே ஒருவர் பின் ஒருவராக எழுந்து ஆட்சேபித்தார்கள். செனட் அங்கத்தினர் ஒருவர் கையெழுத்து இல்லாமல் ஆட்சேபம் செல்லாது என்பது அப்போதைய விதி. கோர் ஒவ்வொருவரையும் கையெழுத்து இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றதும் சுத்தியலைத் தட்டி உட்கார வைத்தார். தம்மை ஜெயிக்க வைக்க வந்தவர்களை விதியைச் சொல்லி அடக்கிய அந்தக் காட்சியை எந்த நாடகாசிரியனும் துணிந்து எழுதியிருக்க மாட்டான். 2025 ஜனவரி 6-இல் கமலா ஹாரிஸ் அதே இடத்தில் நின்று தம் தோல்வியை வாசித்தார்.

நார்மன் ராக்வெல் என்ற சித்திரக்காரர் 1943-இல் ஒரு பத்திரிகைக்காக வரைந்த ‘பேச்சுச் சுதந்திரம்’ என்ற படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். வெர்மான்ட் ராஜ்யத்தில் அவர் குடியிருந்த சிற்றூரில் எரிந்துபோன பள்ளிக்கூடத்துக்குப் பதிலாகப் புதிதாகக் கட்டுவது பற்றி ஊர்க் கூட்டம் நடந்தது. ஒரே ஒருவர் எழுந்து, வரி ஏறும், கட்ட வேண்டாம் என்றார். அவருக்கு ஆதரவாக ஒருவரும் இல்லை. ஆனால் எல்லோரும் கேட்டார்கள். படத்தில் அவர் நைந்த சட்டையுடன் நிற்கிறார். பையில் ஊர் வரவு செலவு அறிக்கை மடித்திருக்கிறது. கழுத்துப் பட்டை கட்டிய கனவான்கள் கழுத்தைத் திருப்பி அவரை நிமிர்ந்து பார்க்கிறார்கள். யுத்த நிதிக்குப் பணம் சேர்க்க இந்தப் படத்தை தேசமெல்லாம் கொண்டுபோனார்கள். அதனால் அதைப் பிரசாரம் என்று தள்ளுகிற கலை விமர்சகர்கள் உண்டு. எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருக்கிறது. கூட்டம் முடிந்த பிறகு அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு, தம்மைத் தோற்கடித்தவர்களோடு பேசிக்கொண்டே பனியில் நடந்து வீட்டுக்குப் போவது கண்ணில் தெரிகிறது. அப்படி ஒரு ஆசாமியைக் கதாநாயகனாக வைத்த அமெரிக்க நாவல் எதுவும் இதுவரை என் கையில் அகப்படவில்லை. லூயிஸின் ஜெனித் நகரத்திலும் அவர் இருந்திருப்பார். கமிட்டியில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் லூயிஸ் கவனிக்காமல் விட்டிருக்கலாம்.