வசூல் கணிப்பும் திங்கட்கிழமையும்

சினிமா வியாபாரத்தின் வரைபடத்தில் புதுக்கோட்டை என்று ஒரு மாவட்டமே கிடையாது. மாவட்டம் உருவானது 1974 ஜனவரியில். விநியோகஸ்தர்களின் ஏரியாக் கணக்கு அதற்கு முந்தியது: சென்னை, செங்கல்பட்டு, வட ஆற்காடு–தென் ஆற்காடு, சேலம், கோவை, மதுரை–ராமநாதபுரம், திருநெல்வேலி–கன்னியாகுமரி, திருச்சி–தஞ்சாவூர். அந்த மாவட்டத்து ஆவுடையார்கோவில் கடைசியில் சொன்ன ஏரியாவில் அடக்கம். தொழிலில் அதை 'டி.டி.' என்பார்கள். ஊரைத் தாண்டித் தெற்கே போனால் ராமநாதபுரம் மாவட்ட எல்லை வந்துவிடும், அங்கிருந்து 'எம்.ஆர்.' ஏரியா. ஆவுடையார்கோவில் பையன் ஒருவன் பைக்கை எடுத்துக்கொண்டு அறந்தாங்கிக்குப் போய்ப் புதுப்படம் பார்த்தால், அவன் வாங்கிய டிக்கெட் டி.டி. கணக்கில் ஒரு துளி. அந்தத் துளியையும் சேர்த்துத்தான் படம் வருவதற்கு முந்தின இரவே சொல்லிவிடுகிறார்கள்: முதல் வார இறுதியில் தமிழ்நாட்டில் இத்தனை கோடி, உலகம் முழுக்க இத்தனை கோடி.

இந்தக் கணிப்புகளை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அவற்றால் காரியங்கள் நடக்கின்றன. நாயகனின் அடுத்த சம்பளம், அடுத்த படத்துக்கு ஏரியாவாரியாகக் கேட்கப்படும் மினிமம் கேரண்டி (படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தரவேண்டிய உறுதித் தொகை), இரண்டாம் வாரம் எந்தப் படத்துக்கு எத்தனை காட்சி என்பதெல்லாம் இந்த எண்களின் நிழலில் முடிவாகின்றன. படம் எப்படி என்று கேட்ட காலம் போய், எத்தனை கோடி என்று கேட்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஆகவே கணிப்பை அதற்குரிய மரியாதையோடு எடைபோடவேண்டும். எப்படிக் கணிக்கிறார்கள், பலித்ததா என்று எதை வைத்துச் சரிபார்க்கிறார்கள், பலித்தால்தான் என்ன தெரிகிறது?

கணிக்கும் முறையில் மாயம் ஒன்றுமில்லை. எத்தனை திரை, ஒரு திரைக்கு எத்தனை காட்சி, எத்தனை இருக்கை, எத்தனை சதவீதம் நிரம்பும், டிக்கெட் சராசரி விலை என்ன? இந்த ஐந்தையும் பெருக்கினால் தொகை வந்துவிடும். இவற்றில் முக்கியமாகத் தெரியாதது இருக்கை நிரம்பும் சதவீதம். அதை முன்பதிவுச் செயலிகளில் பச்சையும் சிவப்புமாகத் தெரியும் கட்டங்களைப் பார்த்து ஊகிக்கிறார்கள். சென்னை, கோவை மல்டிபிளெக்ஸ்களுக்கு இது ஓரளவு சரியாக வரும். அறந்தாங்கி போன்ற ஊரில், தியேட்டர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கவுண்டரில் பணம் கொடுத்து டிக்கெட் வாங்குகிறவர் முந்தின நாள் எந்தச் செயலியிலும் தெரியமாட்டார். படம் பார்ப்பதா வேண்டாமா என்று அவர் முடிவெடுப்பதே அன்று மத்தியானம் வேலை முடிந்த பிறகுதான். கணிப்பாளர் நகரத்தின் சதவீதத்தைக் கொஞ்சம் குறைத்து இந்த ஊர்களின் தலையில் வைக்கிறார். விலையும் அப்படித்தான்.

மேலைநாட்டில் இதே வேலையை ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார்கள். 2010இல் எச்.பி. ஆய்வகத்தின் சிதாராம் அசூரும் பெர்னார்டோ ஹூபர்மேனும் 24 படங்களைப் பற்றிய ஏறக்குறைய 29 லட்சம் ட்வீட்டுகளை எடுத்து முதல் வார இறுதி வசூலைக் கணித்தார்கள். 2013இல் கூகுள், டிரெய்லர் தேடல்களோடு பருவத்தையும் படவரிசையையும் சேர்த்துப் பார்த்தால் வெளியீட்டுக்கு 4 வாரம் முன்பே 94 சதவீதம் வரை சொல்லிவிடலாம் என்றது. நம்மூர்க் கணிப்பாளர்கள் தங்கள் தொழிலுக்கு அறிவியல் ஆதாரமாக இவற்றைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் அந்த ஆய்வுகளுக்குக் கீழே ஒரு தளம் இருந்தது. அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை மதிப்பீடு வரும், திங்கட்கிழமை உண்மை எண் வரும். காம்ஸ்கோர் போன்ற நிறுவனம் தியேட்டர்களிலிருந்தே எண்களைத் திரட்டித் தருகிறது. கணித்தவன் தவறினால் மறுநாளே அம்பலம். தென்கொரியாவில் இன்னும் ஒரு படி மேலே. அரசு சார்ந்த திரைப்படக் கவுன்சில் தியேட்டர் டிக்கெட் கணினிகளை ஒரே வலையில் இணைத்து, எந்தப் படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அன்றாடம் பொதுவில் வைக்கிறது. அங்கே பேசுவது தலை எண்ணிக்கை.

தமிழ்நாட்டில் கணிப்பைச் சரிபார்க்க என்ன இருக்கிறது? டி.சி.ஆர். என்று ஒரு தாள் இருக்கிறது, தினசரி வசூல் அறிக்கை. மேலே படம், தியேட்டர், தேதி. கீழே காட்சிவாரியாக, வகுப்புவாரியாக டிக்கெட் தொடங்கிய எண், முடிந்த எண், விற்றது எத்தனை, விலை, வரி, நிகரம். அடியில் மேலாளர் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் விநியோகஸ்தர் அனுப்பிய ரெப்பின் கையெழுத்து. தியேட்டரில் இருந்து டிக்கெட் கட்டையும் தலைகளையும் எண்ணிப் பார்ப்பதற்கென்றே அனுப்பப்படுகிறவர் அந்த ரெப். தமிழ் சினிமாவின் வசூல் பற்றி ஓரளவேனும் நம்பத்தக்க ஒரே ஆவணம் இந்தத் தாள்தான். அது தியேட்டரிலிருந்து விநியோகஸ்தருக்கும், அவரிடமிருந்து தயாரிப்பாளருக்கும் போகும். வெளியே வராது. வெளியே வருவது இத்தனை கோடி என்று அச்சிட்ட போஸ்டர். 2018 மார்ச் முதல் ஏப்ரல் வரை தயாரிப்பாளர்கள் புதுப்படங்களை நிறுத்திவைத்துப் போராடியபோது, தியேட்டர் டிக்கெட்டை முழுக்கக் கணினிமயமாக்க வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. தியேட்டரிலிருந்து வரும் கணக்கைத் தயாரிப்பாளரே நம்பவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் தங்கள் கைக்கு வரும் எண்ணைப் பொதுமக்களுக்குக் காட்டவேண்டும் என்று அவர்களில் எவரும் அதே வேகத்தில் போராடியதாக நான் காணவில்லை.

ஆவுடையார்கோவிலின் தலபுராணம் இங்கே நினைவுக்கு வராமல் போகாது. திருப்பெருந்துறை என்ற இந்த ஊருக்குப் பாண்டியனின் பணத்தோடு குதிரை வாங்க வந்த மாணிக்கவாசகர் அதைக் கோயிலுக்குச் செலவழித்தார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு அனுப்பினான். லாயத்தில் கட்டிய குதிரைகள் அன்றிரவே மறுபடி நரிகளாயின. பாண்டியனுக்கு ஒரே இரவில் உண்மை தெரிந்துவிட்டது. நமக்கோ போஸ்டரில் ஓடும் குதிரை குதிரையாகவே சரித்திரத்தில் நின்றுவிடுகிறது.

சரிபார்க்க முடியாத கணிப்பு பலிக்காமல் போகவே வழியில்லை. கணிப்பு 60 கோடி, போஸ்டர் 65 கோடி. இரண்டும் ஒன்றையொன்று மெய்ப்பிக்கின்றன. கணிப்பவர் பலமுறை தயாரிப்புத் தரப்பு கொடுத்த எண்ணையே திருப்பிச் சொல்கிறார். அந்த எண்ணும் மொத்த வசூல். அதிலிருந்து ஜி.எஸ்.டி. போகவேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையான டிக்கெட்டுக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். பிறகு உள்ளாட்சி வரி, பிறகு தியேட்டர் பங்கு. தயாரிப்பாளர் கைக்கு வருவது பாதியை ஒட்டி, பல சமயம் அதற்கும் குறைவு. இந்த விவரம் தெரியாமல் 'பட்ஜெட் 100 கோடி, வசூல் 120 கோடி, படம் வெற்றி' என்று ரசிகன் கைதட்டுகிறான். படம் வாங்கியவர் கடனில் இருக்கிறார்.

வார இறுதி என்ற அளவுகோலே நீண்டு குறுகுகிறது. 'ஜெயிலர்', 'லியோ', 'அமரன்', 'கங்குவா', 'ரெட்ரோ', 'தக் லைஃப்', 'கூலி' எல்லாம் வந்தது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை வந்த படத்தின் மூன்று நாளும் இவற்றின் நான்கு நாளும் ஒரே பட்டியலில் 'முதல் வார இறுதி' என்று நிற்கின்றன. அந்த வியாழக்கிழமைப் படங்களில் ஒன்று தீபாவளியன்று வந்தது, இன்னொன்று மே தினத்தன்று, வேறொன்று சுதந்திர தினத்துக்கு முந்தின நாள். தவிர, சனி ஞாயிறு என்பது நகரத்தின் காலண்டர். ஏரிப் பாசனத்தையும் மழையையும் நம்பி வயல் வைத்திருக்கும் ஆவுடையார்கோவில் வட்டாரத்தில் காசு புழங்குவது சம்பா அறுவடையை ஒட்டி. மார்கழித் திருவாதிரைக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் ஊரில் கூட்டம் சேரும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகள் வீடு வருவார்கள். எந்தக் கணிப்பாளரின் அட்டவணையிலும் இவற்றுக்கு ஒரு கட்டம் கிடையாது.

இத்தனைக்குப் பிறகும், கணிப்பு நன்றாகப் பலிக்கும் ஒரு இடம் உண்டு: பெரிய நட்சத்திரத்தின் முதல் மூன்று நாள். ரஜினி, விஜய், அஜித் படத்துக்கு எல்லாத் திரையும் கொடுத்து எல்லாக் காட்சியும் ஓட்டினால் கூட்டம் வரும். அது படத்தைப் பற்றிய கணிப்பு ஆகாது. எத்தனை இருக்கை போட்டிருக்கிறார்கள் என்ற கணக்குதான். படத்தை ஒருவரும் பார்ப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிட்ட தொகை. அதைச் சரியாகச் சொல்வது பெரிய திறமையும் இல்லை, அதனால் தெரியவேண்டியது தெரிவதும் இல்லை.

தெரியவேண்டியது தெரிவதில்லை என்பதற்கு நம் ஏரியாவே பணம் கொடுத்துப் பெற்ற பாடம் 'லிங்கா'. 2014 டிசம்பர் 12, ரஜினிகாந்தின் பிறந்தநாளில் வந்தது. திறப்பு பிரமாதமாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், இருந்தது. பிறகு படம் உட்கார்ந்துவிட்டது. மினிமம் கேரண்டி கொடுத்து வாங்கியவர்கள் நஷ்டஈடு கேட்டு 2015 ஜனவரியில் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்தப் போராட்டத்தின் முன்வரிசையில் நின்றவர் திருச்சி–தஞ்சாவூர் உரிமையை வாங்கியவர். பிறகு நஷ்டத்தில் ஒரு பகுதி திருப்பித் தரப்பட்டது. வார இறுதிக் கணிப்பு சரி, வியாபாரம் தவறு. இரண்டும் ஒரே படத்தில், ஒரே வாரத்தில். முதல் மூன்று நாளை வைத்து ஏரியாவுக்கு விலை போட்டால் நான்காம் நாள் யாருக்கு வலிக்கும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. 2024இல் 'கங்குவா'வுக்கு 2000 கோடி வரை பேசினார்கள், வசூல் அதன் அருகில்கூட வரவில்லை. 2025இல் கமலும் மணிரத்னமும் 'நாயகன்' முடிந்து 38 வருஷத்துக்குப் பின் சேர்ந்த 'தக் லைஃப்', நான்கே வாரத்தில் ஓ.டி.டி.க்குப் போனது.

எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். 'சேது' வாங்க ஆளில்லாமல் நெடுநாள் கிடந்து 1999 டிசம்பரில் வந்தது. முதல் சில நாள் பகல் காட்சி அளவில் ஒதுங்கி ஓடி, பார்த்தவர் சொல்லிச் சொல்லியே 100 நாளைத் தாண்டியது. மயிலாடுதுறைப் பக்கம் எடுத்த 'ஒரு தலை ராகம்' 1980இல் ஆரம்பத்தில் ஆளில்லாமல் ஓடிப் பிறகு வெள்ளிவிழா கண்டது. இவை முதல் ஞாயிறு இரவே தோல்விப் பட்டியலில் சேர்ந்திருக்கும். இன்றைய பழக்கத்தில் திங்கட்கிழமை காட்சியே கிடைத்திருக்காது. இப்போதும் அதிசயம் நடக்காமல் இல்லை. 2024 ஜூனில் 'மகாராஜா', செப்டம்பரில் 'லப்பர் பந்து', 2025 மே முதல் தேதி 'ரெட்ரோ'வோடு மோதி அதைத் தாண்டியும் நின்ற 'டூரிஸ்ட் ஃபேமிலி' எல்லாம் நாளுக்கு நாள் ஏறியவை. 2013 பொங்கலுக்கு வரவேண்டிய 'மதகஜராஜா', 2025 பொங்கலுக்கு வந்து கூட்டம் சேர்த்ததை எந்த அட்டவணையும் சொல்லவில்லை. அஜித்தின் 'விடாமுயற்சி' அந்தப் பொங்கலிலிருந்து விலகியது, குடும்பத்தோடு சிரிக்க ஒரு படம் வேண்டும் என்ற நிலை இரண்டும்தான் காரணம். முன்னது கடைசி நேரத்தில் நடந்தது, பின்னது எண்ணாகாதது.

பழைய அளவுகோல் உத்தமமானது என்று சொல்லவரவில்லை. 1944இன் 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது பெருமை. ஆனால் நாள் கணக்குக்காகக் காலி அரங்கில் காட்சி ஓட்டி 100 நாள் போஸ்டர் ஒட்டியவர்களும் நிறைய. ஆயினும் ஓடிய நாள் என்பது பார்த்தவன் சொல்லைக் கேட்டுப் பார்க்காதவன் வந்ததன் அளவு. வார இறுதி என்பது எவரும் பார்க்குமுன் கட்டிய பணத்தின் அளவு. இந்த இரண்டாவது அளவில் பங்கு வைத்தவர்களுக்குப் பார்த்தவனின் வாயே எதிரியாகிறது. 'கங்குவா'வுக்குப் பின் தியேட்டர் வளாகத்தில் யூடியூப் விமர்சகர்களை விடாதீர்கள் என்று தயாரிப்பாளர்கள் சொன்னார்கள். முதல் மூன்று நாள் விமர்சனத்துக்கே தடை கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். 2024 டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. மூன்று நாள் என்று அவர்கள் கேட்டதிலேயே எல்லாம் இருக்கிறது.

தீர்ப்புக்கு வருகிறேன். வார இறுதி வசூல் கணிப்பு, பணம் போட்டு ஏரியா வாங்குகிற விநியோகஸ்தருக்கு ஒரு தொழில்கருவி. தவறினால் அவர் சொத்து போகும், ஆகவே அவர் கணிப்புக்கு மதிப்புண்டு. அதே கணிப்பு எதையும் பணயம் வைக்காதவர் வாயிலிருந்து பொதுவில் வரும்போது, அது படத்தைப் பற்றியும் ரசிகனைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. திரைகளைப் பிடித்தவர் யார் என்று மட்டும் சொல்கிறது. அதை மதிப்பீடாக ஏற்க முடியாது. படத்தின் தலைவிதியைப் படிக்க விரும்புகிறவர் ஞாயிறு இரவுத் தொகையை விட்டுவிட்டு, விடுமுறை ஒட்டாத திங்கட்கிழமை மாலைக் காட்சிக்கு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எத்தனை பங்கு ஆள் நின்றது என்று, டி.டி., எம்.ஆர். போன்ற ஏரியாக்களின் சிறு ஊர்களில் கேட்கட்டும். பாதி நின்றால் படம் பிழைக்கும். அந்த எண் இன்று ரெப்பின் கையெழுத்தோடு டி.சி.ஆரில் இருக்கிறது, விநியோகஸ்தரின் அலுவலக அலமாரியில் இருக்கிறது. வரி கட்டும் ஒவ்வொரு டிக்கெட்டும் அரசுக் கணக்கிலும் ஏறத்தான் செய்கிறது. கொரியாவில் முடிந்ததுபோல, ரூபாயை விட்டுத் தலை எண்ணிக்கையை மட்டுமாவது படம்வாரியாக, ஏரியாவாரியாக மாநில அரசு நாள்தோறும் வெளியிட வேண்டும். அது நடக்கும்வரை முந்தின இரவுக் கோடிகளை எந்தப் பத்திரிகையும் செய்தியாக அச்சிடக் கூடாது.