தறிக்கூலியில் மாணவர் பங்கு

ஆரணியில் நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்ததும் பகுதி நேர வேலை தேடி அலைவதில்லை. வேலை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. காலையில் பேருந்துக்குக் கிளம்புமுன் மகள் தார் சுற்றிக் கொடுப்பாள். மாலையில் திரும்பியதும் மகன் அப்பாவைச் சற்று எழுந்திருக்கச் சொல்லிவிட்டுத் தறியில் உட்காருவான். ‘படித்துக்கொண்டே சம்பாதி’ என்று கல்விக் கொள்கைகள் இன்று சொல்வதை, இந்த ஊரும் ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற பக்கத்து ஊர்களும் எந்த அரசாணையும் இல்லாமல் செய்துவருகின்றன.

இந்த வழக்கத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. இரவு பத்து மணி வரை ஜவுளிக்கடையில் கால்கடுக்க நிற்கும் மாணவரோடு ஒப்பிட்டால், தறியில் உட்காரும் மாணவருக்குப் போக்குவரத்துச் செலவில்லை, கடை மூடும் வரை காத்திருக்கும் கட்டாயமில்லை. அதைவிட முக்கியம், கைக்கு வரும் தொழில். ஜக்கார்டு அட்டையின் துளைகள் எப்படிப் பூவாகவும் மாங்காயாகவும் விழுகின்றன என்பது தெரிந்த மாணவருக்கு வடிவமைப்பு மென்பொருள் அந்நியமாகத் தோன்றாது. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்க்க வல்லவர்கள் இவர்களே.

குறை கணக்கில் இருக்கிறது. மாஸ்டர் வீவர் பாவும் பட்டும் சரிகையும் கொடுக்கிறார். சேலை முடிந்ததும் கூலி கொடுக்கிறார். அந்தக் கூலி சேலைக்கு உரியது. தார் சுற்றியவர் யார், இழை அறுந்தபோது பிணைத்தவர் யார், இரவில் இரண்டு முழம் நெய்தவர் யார் என்ற பிரிவு அதில் கிடையாது. பணம் அப்பாவின் பெயரில் வருகிறது. முன்பணம் வாங்கியிருந்தால் கழித்துக்கொண்டு வருகிறது. நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு (2019-20), நெசவுக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு என்றது. அந்தத் தொகைக்குள் பிள்ளைகளின் உழைப்பும் கரைந்திருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டம் தரும் மாதம் 1,000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்குக்கு வருகிறது. அவளே உழைத்ததற்கு மட்டும் அவள் பெயரில் ஒரு வரி இல்லை. இதைப் பெற்றோரின் பேராசை என்று சொல்வது அநியாயம். கூலி அவ்வளவு குறைவாக இருப்பதால்தான் பிள்ளைகளின் கையும் தேவைப்படுகிறது.

அடுத்தது காலம். சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்கான சேலைகள் பங்குனியிலேயே நெருக்கும். அதே வாரங்களில்தான் ஏப்ரல் செமஸ்டர் தேர்வு. தீபாவளி அவசரம் முடியும்போது நவம்பர் தேர்வு வந்து நிற்கும். தறி எப்போது வேண்டுமானாலும் உட்காரக்கூடிய வேலை என்ற நன்மை, மிகவும் தேவைப்படும் மாதங்களில் கைகொடுக்காமல் போகிறது. பட்டம் முடித்தவுடன் தறியை விட்டுச் சென்னைக்கோ ஒரகடத்துக்கோ போய்விட நினைக்கும் இளைஞர்களுக்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

வேறிடங்களில் என்ன செய்தார்கள்? மகாராஷ்டிரத்தில் கர்மவீர் பாவுராவ் பாட்டீல் 1919-இல் ரயத் சிக்ஷண் சன்ஸ்தாவைத் தொடங்கி, ஏழை மாணவர் உழைத்துப் படிக்க வழி செய்தார். புனே பல்கலைக்கழகத்தில் அவர் பெயரிலேயே அத்தகைய திட்டம் நடக்கிறது. அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டுச் சட்டம் மாணவர் வேலைக்கான ஊதியத்தின் பெரும்பகுதியை அரசே தர வழிவகுத்தது. இவ்விரண்டிலும் உழைத்த நேரம் மாணவரின் பெயரில் பதிவாகிறது. நம் பல்கலைக்கழக மானியக் குழுவும், பின்தங்கிய பிரிவு மாணவர்களுக்கான வழிகாட்டு வரைவில் வாரத்துக்கு 20 மணி நேர வேலையைப் பேசியது. ஆனால் அது குறிப்பிடும் வேலைகள் நூலகம், ஆய்வகம், கணினித் தரவுப் பதிவு போன்றவை. கல்லூரிக்கு வெளியே, வீட்டுத் தறியில் நடக்கும் வேலை அந்தப் பட்டியலுக்கு எட்டவில்லை.

எட்ட வைக்க முடியும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் தறிகளில் மாணவர் நெய்த பகுதிக்குத் தனிக் கூலிச் சீட்டு கொடுக்கலாம். பணத்தை அவர் கணக்கில் செலுத்தலாம். பட்டப்படிப்பில் உள்ளகப் பயிற்சிக்கு மதிப்பலகு உண்டு. தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரியே இருக்கும்போது, தறியையும் ஜக்கார்டையும் அந்தப் பயிற்சிக்குள் கொண்டுவருவது கடினமல்ல. ஊரின் தொழில் நாள்காட்டியைப் பார்த்துத் தேர்வுத் தேதியைச் சில வாரம் நகர்த்த முடியாதென்றால், பங்குனியில் மாணவருக்கு இத்தனை மணி நேரம்தான் என்ற வரம்பையாவது சங்கங்கள் வைக்கட்டும்.

சட்டம் எதுவும் திருந்தும் வரை காத்திருக்க வேண்டாம். ஆரணிக் கல்லூரி ஆசிரியர்கள் தங்கள் வகுப்பில் எத்தனை பேர் தறியில் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள் என்று இந்தப் பருவத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும்.